ரீசெல்லர் ஹொஸ்டிங் கணக்கு: முதல் வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

அறுகம்பையில் ஒரு விடுதி, மருதமுனையில் ஒரு கைத்தறிப் புடைவைக் கடை, களுவாஞ்சிக்குடியில் ஒரு தனியார் கல்வி நிலையம் என்று நான்கைந்து இணையத்தளங்களை அமைத்துக் கொடுத்துப் பராமரித்தும் வருகின்ற ஒருவருக்கு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடத்தில் ஹொஸ்டிங் (தளத்தின் கோப்புகளைச் சேவையகம் என்ற, எப்போதும் இணையத்துடன் இணைந்திருக்கும் கணினியில் வைப்பதற்கான இடம்) வாங்கி, வெவ்வேறு திகதிகளில் புதுப்பித்து, வெவ்வேறு கடவுச்சொற்களைப் பாதுகாப்பது விரைவிலேயே பெருஞ்சுமையாகிவிடும். அவை அனைத்தையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்து நிருவகிப்பதற்கு ஏற்பட்டதே ரீசெல்லர் ஹொஸ்டிங் ஆகும். போடியாரிடம் (நிலவுடைமையாளரிடம்) வயலை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர், அதை வரம்பு கட்டிப் பிரித்து மற்றவர்களிடம் கொடுப்பதைப் போன்றது இது. நிலமும் வாய்க்காலும் மேலேயுள்ள நிறுவனத்துடையவை. வரம்புகள் மட்டுமே உங்களுடையவை. சேவையகத்தின் வன்பொருள், இயங்குதளம், அதன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் ஆகியவற்றை அந்நிறுவனம் பார்த்துக்கொள்ளும். கணக்குகளைத் திறப்பதும், அளவுகளை நிர்ணயிப்பதும், வாடிக்கையாளர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது பதில் சொல்வதும் உங்கள் பொறுப்பு.

இந்த வழிகாட்டி, மிகப் பரவலாகப் பயன்படும் டபிள்யூ.எச்.எம்., சீபனல் ஆகிய இரண்டையும் அடிப்படையாகக் கொண்டது. டபிள்யூ.எச்.எம். என்பது ரீசெல்லராகிய நீங்கள் உட்புகும் பலகை. சீபனல் என்பது உங்கள் வாடிக்கையாளர் உட்புகும் பலகை. டிரெக்ட்அட்மின், பிளெஸ்க் போன்ற வேறு பலகைகளில் பட்டியல்களின் பெயர்கள் மாறுமே தவிர, வேலையின் ஒழுங்கு மாறாது. அந்த ஒழுங்குதான் இங்கே முக்கியமானது. வாடிக்கையாளர் எவரும் இல்லாதபோது நேம்சேர்வரின் (தளத்தின் பெயரைத் தேடுபவரை உரிய சேவையகத்துக்கு வழிகாட்டுவது) பெயரையோ, பெக்கேஜின் (ஒரு கணக்குக்குரிய எல்லைகளின் தொகுப்பு) அளவையோ எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பத்துப் பேர் சேர்ந்த பின்னர் அதே மாற்றம் பத்துப் பேருடைய தளத்தையும் மின்னஞ்சலையும் தொடும். ஆகவே அடிப்படை வேலைகள் அனைத்தையும் உங்கள் சொந்த டொமைனை (இணையத்தள முகவரிப் பெயரை) வைத்தே செய்து, சோதித்து முடித்த பின்னரே முதலாவது கணக்கைத் திறக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது சேமிப்பிடத்தின் அளவு. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை சீபனல் கணக்குகளைத் திறக்கலாம் என்பதைத்தான். 2019ஆம் ஆண்டில் சீபனல் நிறுவனம் சேவையகம் ஒன்றுக்கு ஒரே கட்டணம் என்ற முறையைக் கைவிட்டு, கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமக் கட்டணத்தை அறவிடத் தொடங்கியது. அதன் பின்னரும் கட்டணம் பலமுறை உயர்ந்துள்ளது. கணக்குகளுக்கு எல்லையே இல்லை என்று முன்னர் விற்கப்பட்ட திட்டங்கள் அருகிப் போனதற்கும், இருபது, முப்பது என்ற எல்லைகள் வந்ததற்கும் இதுவே காரணம். எல்லையற்ற கணக்குகள் என்று இன்றும் எவராவது மிகக் குறைந்த விலையில் விற்றால், அந்தச் செலவை அவர் வேறு எங்கே ஈடுசெய்கிறார் என்று யோசிப்பது நல்லது.

அடுத்ததாக, செயலியும் நினைவகமும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு சீபனல் கணக்குக்கும் செயலி வேகத்திலும் நினைவகத்திலும் ஓர் எல்லையை வைத்திருக்கின்றன. அந்த எல்லையை எட்டும் தளம் மெதுவாகும், அல்லது பார்வையாளருக்கு 508 போன்ற பிழையைக் காட்டும். எல்லை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே இருந்தால், ஒருவருடைய தளம் திணறினாலும் மற்றவருடையது தப்பிவிடும். ரீசெல்லரின் மொத்தத்துக்கும் ஒரே எல்லை என்றால் ஒருவருக்காக அனைவரும் காத்திருக்க நேரும்.

மூன்றாவது, கோப்புகளின் எண்ணிக்கைக்கு உள்ள எல்லை. இதை ஐநோட் எல்லை என்பர். இதைப் பலர் கவனிப்பதில்லை. சீபனலில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், அஞ்சல்களை அழிக்காமலே வைத்திருக்கும் ஓர் அலுவலகம் சேமிப்பிடத்தில் பாதிகூட நிறையாத நிலையிலேயே இந்த எல்லையை எட்டிவிடக்கூடும்.

சேவையகம் எங்கே இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. தளத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூரவர் என்றால் சிங்கப்பூர் அல்லது இந்தியச் சேவையகம் விரைவாக இருக்கும். விடுதியின் தளத்தைப் பார்ப்பவர்களோ பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள். அவர்களுக்கு அங்கேயே ஒரு சேவையகம் பொருந்தக்கூடும்.

முதல் உட்புகுதல்

பணம் செலுத்திய பின் வரும் வரவேற்பு மின்னஞ்சலில் சேவையகத்தின் பெயர், உங்கள் பயனர் பெயர், கடவுச்சொல், நேம்சேர்வர்கள், அவற்றின் ஐ.பி. எண்கள் (இணையத்தில் ஒரு சேவையகத்தை அடையாளம் காட்டும் எண்கள்) ஆகியவை இருக்கும். அந்த மின்னஞ்சலை அச்சிட்டோ வேறு வகையிலோ பத்திரப்படுத்துங்கள், ஐ.பி. எண்கள் சற்று நேரத்தில் தேவைப்படும். டபிள்யூ.எச்.எம். பலகை 2087 என்ற போர்ட்டிலும் (சேவையகத்தின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியிட்டு எழுதும் எண்), சீபனல் 2083 இலும், உலாவியில் அஞ்சலைப் பார்க்கும் வெப்மெயில் 2096 இலும் திறக்கும். 2086, 2082, 2095 ஆகியவை இவற்றின் மறையாக்கம் செய்யப்படாத வடிவங்கள் என்பதால் அவற்றைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

உள்ளே சென்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவதும், நிறுவனம் அனுமதித்திருந்தால் இருபடி உறுதிப்படுத்தலை இயக்குவதும் ஆகும். ரீசெல்லரின் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், அதன் கீழுள்ள எந்தக் கணக்குக்குள்ளும் போகலாம், எதையும் அழிக்கலாம். அதை வட்ஸ்அப்பில் உதவியாளருக்கு அனுப்புவதோ, கடையிலுள்ள பொதுக் கணினியின் உலாவியில் சேமித்து வைப்பதோ கூடாது.

நேம்சேர்வர்களை உங்கள் பெயரில் அமைத்தல்

ஒரு டொமைனைத் தட்டச்சு செய்பவரை உரிய சேவையகத்துக்கு வழிகாட்டுவது நேம்சேர்வர். நிறுவனம் கொடுத்த நேம்சேர்வர்களையே வாடிக்கையாளர்களுக்கும் கொடுத்துவிடலாம், தளங்கள் இயங்கும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்நிறுவனத்தை விட்டு வேறொன்றுக்கு மாற நேர்ந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவருடைய டொமைன் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். அவர்களுள் பாதிப்பேர் அதை மறந்திருப்பார்கள். உங்கள் டொமைனின் பெயரிலேயே என்.எஸ்.1, என்.எஸ்.2 என்று இரண்டு நேம்சேர்வர்களை அமைத்துவிட்டால், மாறும் நாளில் அந்த இரண்டு பெயர்களுக்குரிய ஐ.பி. எண்களை மாற்றினால் போதும். வாடிக்கையாளர் எதையும் தொட வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய முன்னேற்பாட்டுக்கு இவ்வளவு பெரிய பயன் வேறெந்த வேலையிலும் இல்லை என்பதால், இதில் நேரம் செலவிடத் தயங்க வேண்டாம்.

இதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று உலகம் என்.எஸ்.1ஐக் கேட்க வேண்டும், என்.எஸ்.1 எங்கே இருக்கிறது என்று அறிய உங்கள் டொமைனைக் கேட்க வேண்டும். இந்தச் சுழற்சியை உடைப்பதற்காக, டொமைன் பதிவாளரிடத்தில் நேம்சேர்வரின் பெயரோடு ஐ.பி. எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. இதற்குக் குளூ பதிவு என்று பெயர். டொட் கொம் டொமைன்களை விற்கும் பதிவாளர்களின் பலகைகளில் இது சைல்ட் நேம்சேர்வர், ஹோஸ்ட் நேம், பிரைவேட் நேம்சேர்வர் என்று பல பெயர்களில் இருக்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பதிவாளரின் பலகையில் என்.எஸ்.1ஐ முதலாவது ஐ.பி. எண்ணுடனும், என்.எஸ்.2ஐ இரண்டாவது எண்ணுடனும் பதிவு செய்ய வேண்டும். பின்னர் டபிள்யூ.எச்.எம். இல் உங்கள் டொமைனின் டி.என்.எஸ். வலயத்தை (அதன் பெயர்களுக்குரிய பதிவுகளின் பட்டியலை) திறந்து, அதே இரண்டு பெயர்களுக்கும் அதே எண்களைக் கொண்ட ஏ பதிவுகளை (ஒரு பெயரை ஐ.பி. எண்ணுடன் இணைப்பவை) சேர்க்க வேண்டும். மூன்றாவதாக, பேசிக் வெப்ஹோஸ்ட் மனேஜர் செட்டப் என்ற பக்கத்தில் நிறுவனத்தின் நேம்சேர்வர்களை நீக்கி உங்களுடையவற்றை எழுதிச் சேமிக்க வேண்டும். இனித் திறக்கப்படும் கணக்குகள் அனைத்தும் இவற்றையே எடுத்துக்கொள்ளும். கடைசியாகத்தான் பதிவாளரிடம் உங்கள் டொமைனின் நேம்சேர்வர்களாக இவற்றை அறிவிக்க வேண்டும். வரிசையை மாற்றிக் கடைசி வேலையை முதலில் செய்தால், நடுவில் உங்கள் தளமும் மின்னஞ்சலும் தொடர்பற்றுப் போகும். மாற்றம் எல்லா இடங்களுக்கும் பரவ ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை பிடிக்கலாம். கைத்தொலைபேசியில் ஒரு வலையமைப்பில் தளம் திறந்து, வீட்டு இணைப்பில் திறக்காமலிருப்பது இக்காலத்தில் இயல்பே.

பெக்கேஜ்கள்

பெக்கேஜ் என்பது ஒரு கணக்குக்குரிய சேமிப்பிடம், மாதாந்தத் தரவுப் பரிமாற்றம், மின்னஞ்சல் முகவரிகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றின் எல்லைகளைக் கொண்ட அச்சு. அட் எ பெக்கேஜ் என்ற பக்கத்தில் இதனை உருவாக்கலாம். நீங்கள் கொடுக்கும் பெயரின் முன்னால் உங்கள் பயனர் பெயர் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு பெக்கேஜைத் திருத்தினால் அதிலுள்ள எல்லாக் கணக்குகளும் ஒரே தடவையில் மாறிவிடும் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். ஒருவருக்காக மட்டும் அளவைக் கூட்ட வேண்டுமாயின், பெக்கேஜைத் திருத்தாமல் அவரை வேறு பெக்கேஜுக்கு மாற்ற வேண்டும்.

மூன்று பெக்கேஜ்களுக்கு மேல் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. உதாரணமாக, உங்களிடம் 50 ஜிகாபைட் இருக்கிறது என்று கொள்வோம். கடை, வகுப்பு, ஆலய நிருவாக சபை போன்றவற்றின் சிறிய தளங்களுக்கு 2 ஜிகாபைட், பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் 4 ஜிகாபைட், விடுதிகளுக்கு 8 ஜிகாபைட் என்று பிரிக்கலாம். பாடசாலைகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதன் காரணம், இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை அளவைக் குறைக்காமலே ஏற்றிவிடுவார்கள் என்பதாகும். பத்துச் சிறியவை, மூன்று பாடசாலைகள், இரண்டு விடுதிகள் என்றால் 48 ஜிகாபைட் ஆகிவிடும். உங்கள் சொந்தத் தளத்துக்கு 2 ஜிகாபைட் மிஞ்சும். ஒருவரும் முழுவதையும் பயன்படுத்துவதில்லை என்ற நம்பிக்கையில், இருப்பதை விடக் கூடுதலாக விற்கவும், நிறுவனம் அதைத் திறந்து விட்டிருந்தால், டபிள்யூ.எச்.எம். இல் வாய்ப்பு உண்டு. எனினும் தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. தளங்கள் மெதுவாகத்தான் வளரும், ஆனால் அஞ்சற்பெட்டிகள் வேகமாக வளரும். ஆகவே ஒவ்வொரு அஞ்சற்பெட்டிக்கும் சீபனலில் தனி எல்லை வைத்துவிடுங்கள்.

தரவுப் பரிமாற்ற எல்லை மீறப்பட்டால் தளம் 509 என்ற பிழையைக் காட்டி அந்த மாதம் முடியும்வரை நின்றுவிடும். அறுகம்பையின் அலைச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை. பாசிக்குடாவுக்கும் அதே காலத்தில்தான் கூட்டம் வரும். விடுதித் தளங்களின் எல்லையை நவம்பர் மாதக் கணக்கைப் பார்த்து நிர்ணயித்தால், வருமானம் வரும் மாதத்தில் தளம் மூடிக்கொள்ளும்.

அதே பக்கத்தில் மணித்தியாலத்துக்கு எத்தனை மின்னஞ்சல்கள் அனுப்பலாம் என்ற எல்லையும் உண்டு. அதை வெறுமையாக விடாதீர்கள். ஒருவருடைய வேர்ட்பிரஸ் தளம் ஊடுருவப்பட்டுக் குப்பை அஞ்சல்களை அனுப்பத் தொடங்கினால், சேவையகத்தின் ஐ.பி. எண் கறுப்புப் பட்டியலில் விழும். அதன் பின் உங்கள் வாடிக்கையாளர் எவரது அஞ்சலும் போய்ச் சேராது. ஷெல் அணுகலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்து சேவையகத்தில் வேலை செய்யும் வசதியை) அனைவருக்கும் அடைத்துவிடுங்கள். கேட்பவர் மிகக் குறைவு.

பலகையின் நிறம், இலச்சினை, உதவி முகவரி ஆகியவற்றை உங்களுடையதாக மாற்றும் வசதியும் உண்டு. அதை ஓய்வாக இருக்கும்போது செய்யலாம்.

கணக்கைத் திறத்தல்

கிரியேட் எ நியூ அக்கவுன்ட் என்ற பக்கத்தில் டொமைன், பயனர் பெயர், கடவுச்சொல், வாடிக்கையாளரின் மின்னஞ்சல், பெக்கேஜ் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். பயனர் பெயர் 16 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். பலகை தானாகப் பரிந்துரைக்கும் பெயரை ஏற்காமல், ஊரையும் தொழிலையும் நினைவூட்டும் ஒரு குறும்பெயரை நீங்களே இடுவது நல்லது. தரவுத்தளங்களின் பெயர்களுக்கு முன்னாலும் அதுவே வரும். தமிழிலேயே டொமைன் வேண்டும் என்பவருக்கு டொட் இலங்கை என்ற முடிவுடன் பெயர் பெறலாம். இலங்கைக்குரிய தமிழ், சிங்கள முடிவுகள் 2010 முதல் உள்ளன. அத்தகைய பெயரை டபிள்யூ.எச்.எம். இல் தமிழ் எழுத்தில் இடாமல், பனிகோடு என்ற, ஆங்கில எழுத்துகளாலான மாற்று வடிவில் இடுவதே பாதுகாப்பானது.

டொமைனை எப்போதும் வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். டொட் எல்.கே. டொமைன்களை எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி வழங்குகிறது. பாடசாலைகளுக்கென டொட் எஸ்.சி.எச். டொட் எல்.கே. என்ற தனி வகையும் உண்டு. பாடசாலையின் டொமைன், அதனை அமைத்தவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், அவர் வெளிநாடு போனதும் புதுப்பிக்க ஆளின்றிப் பெயரே பறிபோகலாம். ஹொஸ்டிங்கை வாடகைக்கு விடலாம். பெயரை உரியவரிடமே விட வேண்டும்.

நேம்சேர்வர் மாற்றம் பரவிய பின்னர் ஓட்டோ எஸ்.எஸ்.எல். என்ற வசதி, தளத்துடனான இணைப்பை மறையாக்கம் செய்வதற்கான சான்றிதழைத் தானாக நிறுவும். டொமைன் இந்தச் சேவையகத்தைச் சுட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், முதல் நாளிலேயே பூட்டுக் குறி தோன்றவில்லை என்று பதற்றப்படத் தேவையில்லை. தளங்களை இயக்கும் நிரல்மொழியாகிய பி.எச்.பி. இன் பதிப்பை மல்டி பி.எச்.பி. மனேஜரில் ஒவ்வொரு டொமைனுக்கும் தெரிவு செய்யலாம். 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பழைய தளம் அதில்தான் இயங்கும் என்றால், தளத்தைத் திருத்துவதே வழி.

பழைய ஹொஸ்டிங்கிலிருந்து தமிழ்த் தளமொன்றை மாற்றும்போது தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் யூ.டி.எஃப்.8 எம்.பி.4 போன்ற பொருத்தமான குறியாக்கத்தை அமைக்காவிட்டால், தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அவ்வாறு மாறியதைச் சேமித்துவிட்டால் மீட்க இயலாது. ஆகையால் புதிய இடத்தில் சில பக்கங்களையாவது திறந்து பார்க்கும்வரை பழைய கணக்கை மூட வேண்டாம். நேம்சேர்வரை மாற்றுவதற்கு முன்னரே புதிய தளத்தைப் பார்க்க, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த டொமைனுக்குப் புதிய ஐ.பி. எண்ணை எழுதிவிட்டு உலாவியைத் திறந்தால் போதும்.

மின்னஞ்சல்

வாடிக்கையாளர் அழைக்கும் காரணங்களுள் முதலிடம் மின்னஞ்சலுக்கே. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநரின் அடையாளத்தைக் கண்டிப்பாகப் பரிசோதிக்கின்றன. எஸ்.பி.எஃப். (உங்கள் டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்பக்கூடிய சேவையகங்களைக் கூறுவது) அல்லது டி.கே.ஐ.எம். (அஞ்சலில் இடப்படும் மின்னொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) பதிவு எல்லோருக்கும் தேவை. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும், டி.எம்.ஏ.ஆர்.சி. (இந்தச் சோதனையில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்று கூறுவது) என்ற பதிவும் தேவை. ஈமெயில் டெலிவரபிலிட்டி என்ற பக்கம் எது குறைகிறது என்று காட்டி, பெரும்பாலும் ஒரே சொடுக்கில் சரிசெய்தும் தரும். டி.என்.எஸ். வேறிடத்தில் இருந்தால் அது காட்டும் வரிகளைப் படியெடுத்து அங்கே இட வேண்டும்.

அஞ்சலைக் கூகுளில் வைத்துக்கொண்டு தளத்தை மட்டும் உங்களிடம் தருபவர் இருப்பார். அவருடைய சீபனலில் ஈமெயில் ரவுட்டிங் என்ற இடத்தை ரிமோட் என்று மாற்ற மறந்தால் விசித்திரமான கோளாறு ஒன்று வரும். வெளியிலிருந்து வரும் அஞ்சல்கள் ஒழுங்காகச் சேரும். ஆனால் அதே சேவையகத்திலுள்ள மற்றவர்கள் அனுப்புபவையும், அவருடைய தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து வருபவையும் கூகுளுக்குப் போகாமல் சேவையகத்துக்குள்ளேயே தங்கிவிடும். விடுதிக்கு முன்பதிவு வரவில்லை என்ற முறைப்பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

காப்புப் பிரதி, கட்டணம், கணக்கை மூடுதல்

நிறுவனம் காப்புப் பிரதி எடுக்கிறது என்பதை மட்டும் நம்பியிருக்கலாகாது. சீபனலின் முழுக் காப்புப் பிரதியை அதே கணக்கில் சேமித்தால் அது இடத்தை இரட்டிப்பாக்கும். வேறொரு சேவையகத்துக்கு நேரடியாக அனுப்பும் தெரிவைப் பயன்படுத்துங்கள். முழுக் காப்புப் பிரதியை வாடிக்கையாளரோ ரீசெல்லரோ பொதுவாகத் தாமே மீளமைக்க முடியாது, நிறுவனத்தின் உதவி வேண்டும். தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தனித்தனியாகவும் எடுத்து வைத்தால் அவசரத்துக்கு உதவும். அவற்றில் விருந்தினரின் கடவுச்சீட்டு விபரமோ மாணவர் விபரமோ இருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவிற் கொண்டு, மறையாக்கம் செய்தே வையுங்கள்.

நீங்கள் டொலரில் வாங்கி ரூபாவில் விற்கிறீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குபவர், தானும் நிறுவனத்துக்கு ஆண்டுக்கட்டணமாகச் செலுத்திவிட்டால் இந்த இடைவெளி சுருங்கும். மூன்றாண்டு விலையை உறுதியளிப்பதைத் தவிர்க்கவும். கணக்குகள் பெருகினால் பற்றுச்சீட்டுகளையும் நினைவூட்டல்களையும் டபிள்யூ.எச்.எம்.சி.எஸ். போன்ற மென்பொருளிடம் விடலாம். பத்துப் பதினைந்து பேருக்கு எக்செல் கோப்பே போதும்.

கட்டணம் செலுத்தாதவரின் கணக்கை சஸ்பென்ட் செய்யலாம். தளம் மறைந்துவிடும்; அவரால் அஞ்சலையும் திறக்க முடியாது, ஆனால் கோப்புகள் அப்படியே இருக்கும். அறுவடைக்குப் பின் பணம் தருகிறேன் என்பவரின் தொழில் அஞ்சலை அடைப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் பேசிப் பார்ப்பது இங்குள்ள வழக்கத்துக்குப் பொருந்தும். டெர்மினேட் என்பது வேறு. அது கோப்புகள், தரவுத்தளங்கள், அஞ்சல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும், திரும்பப் பெற வழியில்லை. கணக்குப் பட்டியலில் உங்கள் சொந்த டொமைனும் மற்றவற்றோடு சேர்ந்தே இருக்கும் என்பதால், பெயரை வாசித்துப் பார்த்தே அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். விலகிச் செல்லும் வாடிக்கையாளருக்கு முழுக் காப்புப் பிரதியைக் கொடுத்து, புதிய இடத்தில் தளமும் அஞ்சலும் இயங்குவதை அவர் எழுத்தில் உறுதிப்படுத்திய பின்னரும் ஒரு மாதம் சஸ்பென்ட் நிலையில் வைத்திருந்து, அதன் பிறகு அழியுங்கள்.